டிவிக்குப் பின்னால் சாக்கெட்: நான்கு வழிகளில் எது தேறுகிறது?

சுவரில் மாட்டும் டிவிக்குக் கரன்ட் கொண்டுபோக எலெக்ட்ரிகல் கடைகளும் எலெக்ட்ரீஷியன்களும் இன்று நான்கு வழிகளைக் காட்டுகிறார்கள். டிவியின் முதுகில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிடுவது, சுவரின் மேலேயே பிவிசி கேசிங் (வயரை மூடி மறைக்கும் பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுவது, சுவருக்குள் ஒன்றரை இஞ்ச் பைப்பைப் புதைத்து டிவியின் சொந்த வயரையே கீழே இறக்குவது, டிவியின் மறைவில் சுவருக்குள் புதையும் கன்சீல்டு பாக்ஸ் வைத்துத் தனி சாக்கெட் போடுவது. நான்கையும் எடைபோட்டால் கடைசி வழிதான் தேறுகிறது. ஆனால் அதையும் பாதிப் பேர் தவறான இடத்தில் வைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். எந்தக் கம்பெனி சாக்கெட் என்று கடையில் அரை மணி நேரம் யோசிப்பவர்கள், அது சுவரில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை ஐந்து நிமிடம்கூட அளந்து பார்ப்பதில்லை. இடம் இரண்டு இஞ்ச் தவறினாலே போதும், எவ்வளவு விலை உயர்ந்த பிளேட்டும் டிவியைச் சுவரோடு ஒட்டவிடாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை முதலிலேயே தள்ளிவிடலாம். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய பாக்ஸ் டிவியின் சூட்டில் நாளாவட்டத்தில் இளகி இறங்கும். பிறகு எடை முழுவதும் பிளக் பின்களில் விழுகிறது. பின் தளர்ந்தால் பொறி, பொறி வந்தால் கருகல். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என்றால் வாடை வரும்போதே பிடித்துவிடலாம், டிவியின் முதுகில் அதற்கும் வழியில்லை. வாடகை வீட்டுக்காரர்கள்கூட இதற்குப் பதில் கேசிங்குக்குப் போவது நல்லது.

கேசிங்கை அழகில்லை என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். ஆனால் அது நேர்மையான வேலை: சுவரை வெட்ட வேண்டாம், தூசி இல்லை, வயர் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 25 மி.மீ. அகலக் கேசிங்கில் 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் மூன்று தாராளமாக அடங்கும். மேல் மூடிக்குச் சுவரின் பெயின்டையே ஒரு கோட் அடித்தால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. அலுமினிய ஃபார்ம்வொர்க்கில் வார்த்த காங்கிரீட் சுவர் அடுக்குமாடிகளில், நாம் மைவான் என்று சொல்கிறோமே, அங்கே இது ஒன்றுதான் வழி. அந்தச் சுவரில் கம்பி ஓடுகிறது. சுவரே கட்டடத்தைத் தாங்குகிறது. கட்டும்போதே உள்ளே பைப் விடாத இடத்தில் காடி, அதாவது பைப்பைப் புதைக்கும் பள்ளம், வெட்டக் கூடாது. தூண், பீம் மீதும் அப்படியே.

ஒன்றரை இஞ்ச் பைப்பில் டிவி வயரை இறக்குவது பார்க்க மிகச் சுத்தமாக இருக்கும். குறை வேறிடத்தில். டிவியோடு வரும் வயர் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான். கீழே உள்ள போர்டுக்கு எட்டாதபோது வயரை நறுக்கி ஒட்டுப்போட்டு டேப் சுற்றிப் பைப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். மூடிய பைப்புக்குள் இருக்கும் ஒட்டு, என்றாவது ஒரு நாள் சூடேறும் ஒட்டு. எனவே அந்தப் பைப்பை எச்டிஎம்ஐ, டிஷ் கேபிள், லேன் வயர் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அது மிக அவசியமும்கூட. எச்டிஎம்ஐ வயரின் தலை சுமார் 20 மி.மீ. அகலம். 25 மி.மீ. எலெக்ட்ரிகல் பைப்பில் ஒரு வளைவு வந்தாலும் சிக்கிக்கொள்ளும். ஒன்றரை இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 50 மி.மீ. அதில் இரண்டு தலைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கலாம். மேல் முனையிலும் கீழ் முனையிலும் 90 பாகை எல்போ போடாமல் 45 பாகை போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை முழு நீளத்துக்கும் விட்டு, இரு முனையையும் வெளியே முடிந்து வைத்தால் அடுத்த வயர் இழுக்கும்போது சுவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இனி கன்சீல்டு சாக்கெட். முதல் கணக்கு ஆழம்.

டிவியைச் சுவரில் மாட்டும் பிராக்கெட்டில் அசையாத வகை, டிவிக்கும் சுவருக்கும் நடுவே 20 முதல் 30 மி.மீ. தான் விடும். சாய்க்கும் வகை சுமார் 50 மி.மீ. வரை விடும். இப்போது சாக்கெட் பக்கம் பாருங்கள். மாடுலர் பிளேட் சுவரிலிருந்து சுமார் 10 மி.மீ. துருத்தும். அதில் குத்திய பிளக் 30 முதல் 40 மி.மீ. அதன் பின்புறத்திலிருந்து வயர் வளைய இன்னும் 10 முதல் 15 மி.மீ. ஆக மொத்தம் 50 முதல் 65 மி.மீ. இது 25 மி.மீ. இடைவெளியில் நுழையாது. நுழையாதபோது என்ன நடக்கிறது? பிராக்கெட்டுக்குப் பின்னால் வாஷர் அடுக்கி டிவியை முன்னே தள்ளுவார்கள், அல்லது பிளக்கை டிவியால் அழுத்தி மாட்டிவிடுவார்கள். இரண்டாவது ஆபத்தானது. வயர் கழுத்தில் மடிந்து உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

தப்பிக்க மூன்று வழி உண்டு. டிவியின் முதுகைப் பாருங்கள். இன்றைய எல்இடி டிவிகளில் பெரும்பாலானவற்றில் கீழ்ப்பாதி தடித்தும் மேல்பகுதி மெலிந்தும் இருக்கும். சர்க்யூட் எல்லாம் கீழே. மெலிந்த பகுதிக்கும் சுவருக்கும் இடையே பிராக்கெட் இடைவெளியைவிட 30, 40 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். சாக்கெட்டை அங்கே கொண்டுபோனால் கணக்கு சரியாகிவிடும். இரண்டாவது, தட்டையான அல்லது பக்கவாட்டில் வயர் இறங்கும் பிளக். அது வளைவுக்கான இடத்தை மிச்சம் பிடிக்கும். மூன்றாவது, பாக்ஸைப் பூச்சு மட்டத்துக்கு உள்ளே இருபது மி.மீ. தள்ளி வைத்துச் சுற்றிலும் சிறிய மாடம்போல் பூசுவது. டிவி சுவருக்குப் பிளைவுட் அல்லது பேனல் அடிக்கும் வீட்டில் இது இன்னும் சுலபம். பாக்ஸ் சுவர் மட்டத்திலேயே இருக்கட்டும், பேனலில் மட்டும் பிளேட்டைவிடப் பெரிதாகத் துளை வெட்டச் சொல்லுங்கள். பேனலின் தடிமனும் அதன் பின்னுள்ள ரீப்பர் (மரச் சட்டம்) தடிமனும் தானாகவே பள்ளமாகிவிடும். தச்சருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பாக்ஸைப் பிடுங்கிப் பேனலில் மாட்டிவிடுவார். அப்புறம் பேனலுக்குப் பின்னால் வயர் பைப் இல்லாமல் வெறுமனே ஓடும், மரத்தோடு உரசிக்கொண்டு.

இடத்தைக் குறிக்க எண்களோடு வாருங்கள். 55 இஞ்ச் டிவி சுமார் 122 செ.மீ. அகலம், 69 செ.மீ. உயரம். 43 இஞ்ச் என்றால் 95-க்கு 54. 65 இஞ்ச் 144-க்கு 81. சோபாவில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் தரையிலிருந்து சுமார் 105, 110 செ.மீ. என்பதால் திரையின் நடுவை 110 செ.மீ. உயரத்தில் வைப்பதாகக் கொள்வோம். 55 இஞ்ச் டிவியின் மேல் விளிம்பு 144 செ.மீ. உயரத்திலும் கீழ் விளிம்பு 76 செ.மீ. உயரத்திலும் வரும். நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 30 செ.மீ., தரையிலிருந்து 125 செ.மீ. என்ற புள்ளியில் சாக்கெட் வைத்தால் பிராக்கெட்டும் தடுக்காது, ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாது, டிவியைச் சற்று முன்னே இழுத்தால் கை எட்டும். 43 இஞ்ச்சுக்கு நடுவிலிருந்து 25 செ.மீ. பக்கத்தில், நடுவுக்கு மேலே 10 செ.மீ. போதும். எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். சுழலும் கைப் பிராக்கெட் என்றால் கை மடங்கும் இடத்தில் வைக்காதீர்கள், வயரை நசுக்கும்.

நேர் நடுவில் வைப்பதுதான் மிகப் பொதுவான பிழை. பிராக்கெட்டின் சுவர்ப் பட்டை சரியாக அங்கேதான் வந்து உட்காரும். பிராக்கெட்டைத் திருக டிவியின் முதுகில் உள்ள வேசா துளைகள் 200-க்கு 200, 400-க்கு 400 மி.மீ. என்ற கணக்கில் இருக்கும், ஆனால் பல மாடல்களில் அவை திரையின் நடுவைவிடக் கீழே தள்ளி அமைந்திருக்கும். டிவியை வாங்கும் முன்பே காடி வெட்டிவிடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். மாடல் முடிவாகவில்லை என்றால் குறைந்தபட்சம் அளவையாவது முடிவு செய்துகொண்டு, அட்டைப் பெட்டியை டிவி அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, அதில் பிராக்கெட்டை வரைந்து பாருங்கள்.

பொருட்களுக்கு வருவோம். டிவி இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு. 55 இஞ்ச் டிவி 100 முதல் 150 வாட், அதாவது ஒரு ஆம்பியருக்கும் கீழே. அதனால் 6 ஆம்பியர் சாக்கெட் போதும். ‘பெரிதாகவே இருக்கட்டும்’ என்று 6, 16 இரண்டுக்கும் பொதுவான சாக்கெட்டைப் போடுவது இங்கே பாதகம். பெரிய பின்னுக்கும் இடம் கொடுக்கும் அந்த வாயில் சின்னப் பின் சற்றுத் தளர்வாகவே நிற்கும். சில டிவிகளின் இரண்டு பின் பிளக்கில் பின் 4 மி.மீ. தடிமன்தான், நம் 6 ஆம்பியர் பிளக்கின் பின் 5 மி.மீ. அந்த மெல்லிய பின் எல்லா சாக்கெட்டிலும் இறுகாது. டிவியின் வயரைக் கழற்ற முடிந்தால் கடைக்கே எடுத்துப் போங்கள். குத்தி, லேசாக ஆட்டி, இழுத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம், வேறு சாக்கெட் கேளுங்கள். மறைவில் இருக்கப்போகும் சாக்கெட்டுக்கு இந்த ஒரு சோதனை விளம்பரத்தில் வரும் எல்லா வசதிகளையும்விட மதிப்பானது. ஐஎஸ் 1293 என்ற இந்தியத் தர எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் சாக்கெட்டின் மேலேயே இருக்க வேண்டும், அட்டையில் மட்டும் போதாது.

ஆங்கர், லெக்ராண்ட், ஹேவல்ஸ், ஜிஎம் எதை எடுத்தாலும் பிளேட்டும் சாக்கெட்டும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும். ஒன்றின் சாக்கெட் மற்றதன் சட்டத்தில் சரியாகக் கவ்வாது. அளவு 4 மாடுல் (பிளேட்டில் நான்கு கட்டம்) எடுங்கள்: ஒரு சாக்கெட் இரண்டு மாடுல், ஆக இரண்டு சாக்கெட். ஒன்று டிவிக்கு, மற்றது ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கின் அடாப்டருக்கு. அடாப்டர் பருத்தது என்றால் பக்கத்துச் சாக்கெட்டையும் மறைத்துக்கொள்ளும். அப்போது 6 மாடுல் எடுத்து நடுவில் டம்மி (வெற்று மூடி) போடுங்கள். செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், வைஃபை ரூட்டர் எல்லாம் கீழே உள்ள போர்டிலேயே இருக்கட்டும். அவற்றை அடிக்கடி ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டிவரும்.

பாக்ஸில் இரும்பா பிளாஸ்டிக்கா என்ற கேள்விக்கு ஊரைப் பார்த்துத்தான் பதில். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஜிஐ பாக்ஸின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பெட்டியின், திருகுக் காதை அரித்துவிடும். பிளேட்டைக் கழற்றப் போனால் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே பிவிசி பாக்ஸ் நல்லது, ஆனால் திருகை வெறியோடு முறுக்கினால் காது ஒடிந்துவிடும். உள்நாட்டில் ஜிஐ பாக்ஸ் உறுதி. அதற்கும் எர்த் வயர் இணைக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வயர் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு, ஐஎஸ் 694 முத்திரையோடு, எளிதில் தீப் பரவவிடாத எஃப்ஆர் வகை. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். 125 செ.மீ. உயரத்திலிருந்து 40 செ.மீ. உயரத்துப் போர்டுக்கு இறங்கினால் 85 செ.மீ. தூரம். இரு முனையிலும் 15, 20 செ.மீ. மிச்சம் விட்டு நிறத்துக்கு ஒன்றரை மீட்டர் வாங்கினால் போதும். பாக்ஸுக்குள் அந்த மிச்சம் இல்லாவிட்டால் பின்னாளில் சாக்கெட்டை மாற்றும்போது வயர் வெளியே வராது. பைப் ஒரு நீளம் வாங்கினால் பத்தடி, இதுவே மிஞ்சும்.

சுவரை வெட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை எலெக்ட்ரீஷியன்களிலேயே பலர் கவனிப்பதில்லை. செங்கல் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 1905, செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. நாலரை இஞ்ச் சுவர் 115 மி.மீ. ஆகவே செங்குத்தாக 38 மி.மீ., கிடைமட்டமாக 19 மி.மீ. தான். 20 மி.மீ. பைப்பும் அதன் மேல் 15 மி.மீ. பூச்சும் என்றால் 35 மி.மீ., செங்குத்தில் அடங்கிவிடும். மூன்று வயருக்கு 20 மி.மீ. பைப் ஏராளம். ஆனால் அந்த ஒன்றரை இஞ்ச் கேபிள் பைப்புக்கு 65 மி.மீ. வேண்டும். பூச்சுக் கனம் 12 மி.மீ. போக செங்கலுக்குள் 53 மி.மீ. நாலரை இஞ்ச் சுவர் அதைத் தாங்காது. ஒன்பது இஞ்ச் சுவரில் தாராளமாகச் செய்யலாம். நாலரை இஞ்ச் சுவர்க்காரர்கள் எச்டிஎம்ஐயைப் பேனலுக்குப் பின்னாலோ கேசிங்கிலோ கொண்டுபோகட்டும். சுவரின் மறுபக்கத்தில், அதே இடத்தில் படுக்கையறை போர்டு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாக்ஸும் முதுகோடு முதுகு வந்தால் நடுவில் செங்கலே மிஞ்சாது. மறுபக்கம் குளியலறை என்றால் ஈரம் ஊறும் சுவர், பாக்ஸை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

காடி எப்போதும் பாக்ஸிலிருந்து நேர் கீழே. குறுக்கே சாய்வாக ஓட்டினால் பைப்பில் பத்து செ.மீ. மிச்சமாகும், பிறகு ஆணி அடிப்பவர் யாருக்கும் வயர் எங்கே என்று தெரியாது. கட்டிங் மெஷினில் இரண்டு இணை கோடு இழுத்து நடுவை உளியால் எடுப்பது சுத்தம். நேரடியாகச் சுத்தியால் அடித்தால் ஹாலோ பிளாக் சுவர் வாய் பிளந்துவிடும். பைப்பை ஆணியும் கட்டுக்கம்பியும் கொண்டு இறுக்கி, பாக்ஸை ரசமட்டம் வைத்துப் பொருத்தி, வாயில் காகிதமோ தெர்மாகோலோ அடைத்த பிறகுதான் பூச வேண்டும். காடியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒன்றுக்கு மூன்று கலவை போட்டு, மேலே கோழி வலை பதித்துப் பூசுங்கள். வலை இல்லாத பூச்சில் பைப்பின் இரு ஓரமும் ஆறே மாதத்தில் மயிரிழைக் கோடாக வெடிப்பதை எத்தனையோ சுவர்களில் பார்க்கலாம். மூன்று நாளாவது தண்ணீர் காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி, பெயின்ட்.

சுவிட்ச் விஷயம் சாக்கெட்டைவிட முக்கியம். டிவிக்குப் பின்னால் சுவிட்ச் வைத்துப் பயனில்லை, கை போகாது. சாக்கெட் மட்டும் மேலே, சுவிட்ச் கீழே போர்டில். நம் ஊரில் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை இடியிலும் டிவி பிளக்கைப் பிடுங்கிவைப்பது வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. மறைந்த சாக்கெட் அதைப் பறித்துவிடுகிறது. சாதாரண சுவிட்ச் பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் டிவியோடு இணைந்தே இருக்கும். ஆகவே கீசருக்குப் போடுவோமே, அந்த டிபி (டபுள் போல்) சுவிட்ச் ஒன்றைக் கீழே போடச் சொல்லுங்கள். அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர வெட்டும். எர்த் மட்டும் சுவிட்ச் வழியாகப் போகாமல் நேராகப் போக வேண்டும். இதனால் மின்னல் முழுக்கத் தடைபடாது. சுவிட்சின் உள்ளிடைவெளி சில மி.மீ. தான், மிக அருகில் விழும் மின்னல் அதைத் தாண்டும். டிஷ் கேபிள், லேன் வயர் வழியாகவும் அது வரும், அவற்றைத் தனியே கழற்ற வேண்டும். இடி அதிகமுள்ள ஊரில் வீட்டின் மெயின் மின் பகிர்வுப் பெட்டியில் டைப் 2 சர்ஜ் (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சல்) பாதுகாப்புக் கருவி வைப்பது இதற்கு மேலான காவல். அதன் இணைப்பு வயர்கள் மொத்தம் அரை மீட்டருக்குள் அடங்க வேண்டும், எர்த் நன்றாக இருக்க வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அது வெறும் அலங்காரம். ஸ்டெபிலைசர் பற்றிக் கேட்பவர்களுக்கு: டிவியின் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் தேவையில்லை.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. டிவியை இன்வெர்ட்டர் லைனில் போட நினைத்துப் பேஸை மட்டும் அங்கிருந்து இழுத்து, நியூட்ரலைப் பக்கத்துப் போர்டிலிருந்து எடுத்தால், கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழும். போகிற கரன்டும் திரும்புகிற கரன்டும் ஒரே ஆர்சிசிபி வழியாக இல்லாவிட்டால் அது கசிவு என்றே கணக்கிடும். இரண்டும் ஒரே லைனிலிருந்து வரட்டும்.

இணைக்கும்போது எர்த் துளை மேலே இருக்க, எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். இன்சுலேஷனை 8, 10 மி.மீ. உரித்து, இழைகளை முறுக்கி, திருகு இறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். டிவியை மாட்டும் முன் மல்டிமீட்டரில் அளக்க வேண்டும்: பேஸ்-நியூட்ரல் 230 வோல்ட் அருகே, பேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதே, நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட். பேஸ்-எர்த் மிகக் குறைவாகக் காட்டினால் பச்சை வயர் எங்கோ இணையவில்லை என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

வேலை ஆட்களைப் பற்றி. டிவியோடு இலவசமாக வரும் ஆள் பிராக்கெட் மாட்டுவதற்கு மட்டும் வருகிறார், வயரிங் அவர் வேலையல்ல. அவர் துளையிடும் ஆழம் சுமார் 60 மி.மீ., உங்கள் பைப் சுவர் மேற்பரப்பிலிருந்து 15 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. எனவே பைப் போகும் கோட்டைச் சுவரில் பெயின்டர் டேப் ஒட்டிக் காட்டுங்கள், துளையிடும் நேரத்தில் அந்த லைனின் எம்சிபியை (பகிர்வுப் பெட்டியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) ஆஃப் செய்துவிடுங்கள். வயரிங்கை மின் கம்பியாளர் தகுதிச் சான்று உள்ளவரிடம் கொடுங்கள். ‘ஒரு பாயிண்ட் இவ்வளவு’ என்று பேசும்போது, காடி வெட்டுவது, பூசுவது, பட்டி பார்ப்பது இவற்றில் எது அதில் அடங்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் காடியோடு அவர் வேலை முடிந்துவிடும், கொத்தனாரும் பெயின்டரும் தனிச் செலவு.

பூசுவதற்கு முன், காடியும் பைப்பும் திறந்திருக்கும்போது, அளவு டேப்பைச் சுவரோடு பிடித்துத் தரையிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் தூரம் தெரிய இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் பைப்பின் இரு வாயையும் ஸ்பாஞ்ச் வைத்து அடைக்க வேண்டும், காலி மாடுல்களில் டம்மி போட வேண்டும். டிவியின் சூடு தேடிப் பல்லியும் எறும்பும் அங்கேதான் முதலில் குடியேறும்.